ஏஜாக்ஸ் பின்வளவில் முதல் வசந்தம்: கத்தரி, மிளகாய்க் கண்டு எப்ப நடலாம்?

புதுவளவு
ஏப்ரல் 14

எல்லாருக்கும் வணக்கம். போன ஒக்ரோபரில கனடாவில ரொறன்ரோவுக்குக் கிழக்க இருக்கிற ஏஜாக்ஸ் பக்கம் புதுசாக் கட்டின வீடொண்டு வாங்கி வந்தனாங்கள். பின்வளவு 30 அடி அகலம், 25 அடி நீளம், தெற்கைப் பாத்தது. மரம் ஒண்டும் இல்லை, வெறும் புல்லு.

தை மாதம் அம்மா யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருந்து எங்களோட வந்திட்டா. 74 வயசு. பனிக்காலம் முழுக்க யன்னலடியில இருந்து வெளிய பாத்தபடி, "உந்தப் பனி போனா உதில ரெண்டு கத்தரி வைக்கலாமே" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. கத்தரி, பச்சைமிளகாய், வெண்டி, பாகல், பயித்தை இவ்வளவும் அவவின்ர பட்டியல். போன சனிக்கிழமை 19 பாகை வெயில் எறிச்சது. பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோட நிண்டார். அம்மா உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிய இறங்கிட்டா.

எனக்குப் பயம் என்னெண்டா, போன வருசம் ஸ்காபரோவில வாடகை வீட்டில இருக்கேக்க மே முதல் கிழமை ஒரு கடையில மிளகாய் 6, கத்தரி 6 வாங்கி நட்டனான். "இப்ப நடலாம்" எண்டுதான் கடையில சொன்னவை. அஞ்சாம் நாள் இரவு உறைபனி. விடியப் பாக்க 12 கண்டும் அவிச்ச கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கிக்கொண்டு நிண்டது. இந்த முறை அம்மாவுக்கு முன்னால அப்பிடி நடக்கக் கூடாது.

இந்தக் கிழமை முடிவில றோட்டோடில்லர் வாடகைக்கு எடுத்துப் புல்லோட சேத்து உழுது போடலாம் எண்டு யோசிக்கிறன். சரியோ? கண்டை எப்ப நடுறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.


வேலிமூலை
ஏப்ரல் 14

முதல் வேலை: மண்ணைக் கிண்ட முன்னம் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) எண்ட சேவைக்கு அறிவியுங்கோ. காசில்லை. காஸ், கரண்ட், ரெலிபோன் வயர் எங்க போகுதெண்டு நிறம் பூசி அடையாளம் போட்டுத் தருவினம். குறைஞ்சது 5 வேலைநாள் முன்னுக்கே சொல்லவேணும். பந்தல் கால் நட ஒரு குழி கிண்டுறதெண்டாலும் இது கட்டாயம், சட்டமும் அதுதான். புது வீட்டுத் திட்டங்களில வயர் எங்க கிடக்குமெண்டு ஊகிக்க ஏலாது.


செம்மண்காரி
ஏப்ரல் 14

தம்பி, றோட்டோடில்லரை இந்தக் கிழமை எடுக்காதேங்கோ. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம், முதல் இதைக் கேளுங்கோ.

நான் ஸ்காபரோவில ஒரே வளவில 24 வருசமாத் தோட்டம் செய்யிறன். எங்கட ஐயா, அப்பாதான், யாழ்ப்பாணம் நீர்வேலியில தோட்டம் செய்தவர். செம்மண்ணில வளந்த பிள்ளை, எனக்கு மண்ணைத் தெரியும் எண்ட எண்ணத்தில, வீடு வாங்கின முதல் வருசம் இதே ஏப்ரல் நடுவில பின்வளவைக் கொத்தினன். மேல காஞ்ச மாதிரித்தான் கிடந்தது. ஒரு சாண் இறங்கக் களி. மண்வெட்டியில அப்பி அப்பி வந்ததைக் கட்டி கட்டியாப் புரட்டிப் போட்டன். ஜூன் வெயிலுக்கு அந்தக் கட்டியள் செங்கல்லா இறுகிப் போச்சு. சுத்தியலால அடிச்சுத்தான் உடைச்சனான். அந்த வருசம் வைச்ச கத்தரி முழங்கால் உயரமும் வரேல்லை. புரட்டாதியில ஒண்டைப் பிடுங்கிப் பாத்தன். வேர், நான் நடேக்க இருந்த சாடியின்ர வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. நாலு மாதத்தில ஒரு வேர்கூட அந்தக் களிக்குள்ள போகேல்லை. அதைக் கையில வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டனான்.

எங்கட செம்மண் தண்ணியை உடன கீழ விட்டிடும், மழை விட்டு அடுத்த நாள் கொத்தலாம். இஞ்ச பனி உருகின தண்ணி களிக்குள்ள கிழமைக் கணக்கா நிக்கும். ஈரத்தோட அதைக் கிண்டினா, மிதிச்சா, மண்ணுக்குள்ள காத்துப் போற வழியெல்லாம் அடைபட்டுப் போகும். ஒருக்கா அடைபட்டா அந்த வருசம் முழுக்க அது திருந்தாது. றோட்டோடில்லர் இன்னும் மோசம், மேல துகளாக்கிப்போட்டுக் கத்தி முட்டுற ஆழத்தில தகடு மாதிரி அமத்தி விட்டிடும்.

அதால மண்ணுக்குப் பதம் வந்ததோ எண்டு முதல் பாக்கவேணும். ஒரு சாண் ஆழத்தில இருந்து ஒரு பிடி எடுத்துக் கையில உருட்டுங்கோ. பெருவிரலால மெல்ல அமத்துங்கோ. புட்டுக்குக் குழைச்ச மா மாதிரி உதிர்ந்தாப் பதம். ரொட்டி மா மாதிரி விரல் அடையாளம் பதிஞ்சு உருண்டையா நிண்டா இன்னும் காலமிருக்கு. இதை நீங்கள் செய்யவேண்டாம், அம்மாட்டைக் குடுங்கோ. அவவின்ர கைக்குத் தெரியும்.

புது வீடெண்டபடியால இன்னொண்டு. வீடு கட்டத் தொடங்கேக்க மேல்மண்ணை வழிச்சு எடுத்திடுவினம். பிறகு பாரமான மெஷினுகள் ஓடி ஓடி அடிமண்ணைச் சிமெந்து மாதிரி ஆக்கிடும். கடைசியில நாலைஞ்சு அங்குலம் மண் பரவி, அதுக்கு மேல புல்லுப் பாயை உருட்டி விரிச்சிட்டுப் போவினம். வயர் அடையாளம் போட்ட பிறகு ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி கிண்டித் தண்ணி நிரப்பிப் பாருங்கோ. முதல் நிரப்பினது வத்த விட்டு, திரும்ப ஒருக்கா நிரப்புங்கோ. அடுத்த நாளும் தண்ணி நிண்டா, இந்த வருசம் நிலத்தில நடுறதை விட்டிட்டு மேல பாத்தி கட்டுங்கோ.

8 அடி நீளம், 4 அடி அகலம், 10 அங்குலப் பலகை. 4 அடிக்கு மேல அகலம் வேண்டாம். ரெண்டு பக்கத்தாலயும் கை எட்டவேணும், பாத்திக்குள்ள ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. புல்லை வெட்டி எடுத்துக் கஷ்டப்படத் தேவையில்லை. ரேப் எல்லாம் உரிச்செடுத்த காட்போட் பெட்டியளைப் புல்லுக்கு மேல ரெண்டு படை விரிச்சு நனைச்சுப்போட்டு, மேல மண் நிரப்புங்கோ. புல்லு அடியில செத்து உக்கும், காட்போட்டும் உக்கும். இந்த அளவுப் பாத்திக்கு ஒரு கன யார் (27 கன அடி) ட்ரிப்பிள் மிக்ஸ், அதாவது மேல்மண், பீற், கொம்போஸ்ற் மூண்டும் கலந்த மண், கிட்டத்தட்டச் சரியா வரும். பையில வாங்கிறதெண்டா 25 லீற்றர் பை 30 பிடிக்கும். காசு கூட, முதுகும் போகும். லொறியில கொட்டுவிக்கிறதுதான் நல்லது.

களிக்கு மணல் கலந்தா இளகும் எண்டு ஆரும் சொன்னாக் கேக்காதேங்கோ. கொஞ்ச மணலும் களியும் சேந்தா இன்னும் இறுகும். ஊர்ப் பழக்கத்தில அம்மா சாம்பல் கேட்டாலும் போட விடாதேங்கோ. தெற்கு ஒன்ராறியோவில மண் பெரும்பாலும் சுண்ணக்கல்லில இருந்து வந்தது, ஏற்கெனவே காரப் பக்கம்தான் நிக்கும். சாம்பல் அதை இன்னும் கூட்டும்.

இப்ப முக்கியமான கதை. ஐயா பூவரசங்குழை, வேப்பங்குழை, பனையோலை எல்லாம் வெட்டிக் கட்டிக்கொண்டு வந்து, தோட்டத்தில கான் வெட்டித் தாழ்ப்பார், பசளையா மண்ணுக்குள்ள புதைக்கிறது. குழை தாழ்க்காத தறையில ஒண்டும் வைக்கமாட்டார். இஞ்ச வந்து அந்தத் தோட்டம் பிழைச்சுப்போன வருசம் ஒக்ரோபரில எங்கட தெருவில நடக்கிறன், வீட்டுக்கு வீடு மேப்பிள் இலையைக் கடதாசிப் பையில கட்டி றோட்டோரம் வைச்சிருக்கினம். ஐயா இதைக் கண்டிருந்தா வண்டில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். அண்டைக்கு 11 பை இழுத்துக்கொண்டு வந்தன். இப்பவும் வருசம் 20 பைக்குக் குறையாமல் எடுக்கிறன். புல்லு வெட்டுற மெஷினை மேல ரெண்டு தரம் ஓட்டினா இலை நொறுங்கிப் போகும். அதை அரை அடி உயரத்துக்குப் பாத்தியில பரவி, மேல ஒரு சவள் கொம்போஸ்ற் தூவி, பனிக்கு விட்டிடுவன். நொறுக்காமல் முழு இலையாப் போட்டா ஈரப்பாய் மாதிரி ஒட்டிக் கிடக்கும், கெதியா உக்காது. மே மாதம் பாக்க அரை அடி ஒரு அங்குலமா இறங்கி, கறுத்து, தேயிலைச் சக்கை மாதிரி இருக்கும். கீழ கிளறினா மண்புழு. முதல் வருசம் சுத்தியலால உடைச்ச அதே இடத்தில, இப்ப தோட்டக் கரண்டி பிடி வரைக்கும் இறங்குது.

நீங்கள் ஒக்ரோபரில வந்து இறங்கேக்க இது தெரிஞ்சிருக்க நியாயமில்லை. இந்த இலையுதிர்காலம் விடாதேங்கோ.

கண்டு நடுறதுக்கு: விக்டோரியா டே லோங் வீக்கெண்ட் எண்டு எல்லாரும் சொல்லுவினம். மே 18க்கும் 24க்கும் இடையில வாற திங்கள். ரொறன்ரோப் பக்கம் உறைபனிக்கு அது பெரும்பாலும் தப்பின காலம்தான். ஆனா கத்தரிக்கும் மிளகாய்க்கும் உறைபனி இல்லாட்டி மட்டும் போதாது. சூடு வேணும். காலமை 7 மணிக்கு 4 அங்குல ஆழத்தில ஒரு வெப்பமானியைக் குத்திப் பாருங்கோ, சமையலுக்குப் பாவிக்கிறதும் போதும். 15 பாகை தக்காளிக்கு. 18 கத்தரிக்கும் மிளகாய்க்கும். வெண்டிக்கு 20. இரவுக் குளிர் 10க்குக் கீழ போகாமல் ஒரு கிழமையாவது நிக்கவேணும். நான் ஒரு வருசம் ஒரே தட்டில இருந்த 6 கத்தரியில மூண்டை மே 12ம், மிச்சம் மூண்டை ஜூன் 1ம் நட்டனான். முந்தி நட்டது மஞ்சள் பிடிச்சு, நட்ட அளவிலேயே நிண்டது. பிந்தி நட்டதிலதான் முதல் காய் புடுங்கினது.

அம்மாவால அவ்வளவு நாள் பொறுக்க ஏலாது எண்டு தெரியும். பாத்தி போட்ட உடன முள்ளங்கி, ஸ்பினாச், கொத்தமல்லி, வெந்தயம், வெங்காயம் எல்லாம் போடலாம். அதெல்லாம் குளிரைத் தாங்கும், குளிருக்குத்தான் நல்லாயும் வரும். ஜூலைச் சூட்டில கொத்தமல்லி பூத்துப் போயிடும், இப்பதான் அதுக்குக் காலம். முள்ளங்கி 30 நாளில அம்மாவின்ர கறிச்சட்டிக்கு வரும்.


பந்தல்_மிசிசாகா
ஏப்ரல் 15

செம்மண்காரி அம்மா சொன்னதுக்கு மேல மண்ணைப் பத்திச் சொல்ல எதுவும் இல்லைங்க. நான் திண்டுக்கல் பக்கம், இங்க வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நாத்து பத்தி மட்டும் சொல்றேன்.

மிளகாயும் கத்தரியும் விதையில இருந்து வளர்க்கணும்னா மார்ச் தொடக்கத்துலயே வீட்டுக்குள்ள போட்டிருக்கணும். எட்டுல இருந்து பத்து வாரம் வேணும். இப்போ விதை போட்டா ஆகஸ்ட் கடைசியிலதான் காய் பார்ப்பீங்க, அதனால இந்த வருஷம் அது ரெண்டும் கண்ணு வாங்கிடுங்க. பாகல், புடலை, பீர்க்கு இதுக்கெல்லாம் மூணு நாலு வாரம் போதும். ஏப்ரல் கடைசியில போடுங்க. பாகல் விதையோட மூக்கை நகவெட்டியால லேசா நறுக்கி, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சு, ஈரத்துணியில சுத்தி, ஃப்ரிட்ஜுக்கு மேல இல்லன்னா ரௌட்டர் பக்கத்துல வெச்சுடுங்க. எனக்கு ஆறாவது நாள் வெள்ளையா முளை எட்டிப் பார்க்கும். ஒரு விதைக்கு ஒரு காகிதக் கப். கொடிக்கு வேரைத் தொட்டா ஆகாது, அதனால நடும்போது அடியைக் கிழிச்சுட்டு கப்போட இறக்கிடலாம்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீங்க. நாத்து குச்சி மாதிரி நீண்டு சாஞ்சுடும். சாதாரண எல்இடி ட்யூப் ஒண்ணு போதும், இலைக்கு மூணு அங்குலம் மேல தொங்கவிட்டு தினமும் 14 மணி நேரம் எரியவிடுங்க. தண்ணியைக் கீழ்த்தட்டுல ஊத்துங்க. மேல மண்ணு எப்பவும் நசநசன்னு இருந்தா தண்டு அடியில அழுகி ஒரே ராத்திரியில மொத்தமும் படுத்துடும்.

நான் முதல் வருஷம் பண்ணின தப்பை மட்டும் பண்ணாதீங்க. வீட்டுக்குள்ள வளர்ந்த முப்பது நாத்தை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நேரா டெக்ல வெயில்ல வெச்சுட்டு கோயிலுக்குப் போயிட்டேன். மத்தியானம் வந்தா இலையெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆயிடுச்சு. முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் காலை வெயில் கொஞ்சம்னு பத்து நாள் பழக்கித்தான் நடணும். கடையில வாங்கற கண்ணுக்கும் இது பொருந்தும், கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள இருந்து நேரா வந்ததா இருக்கும்.


கத்தரிப்பூ
ஏப்ரல் 15

இதில ஒரு கேள்வி சேக்கலாமோ. செம்மண்காரி அன்ரி, நான் ஊர் அவரை ரெண்டு வருசமாப் போடுறன். வேலி முழுக்கக் கொடி, இலை பச்சைப் பசேலெண்டு. ஒரு பூக்கூட இல்லை. என்ன குறை?


செம்மண்காரி
ஏப்ரல் 15

பிள்ளை, உங்களிலயும் குறையில்லை, மண்ணிலயும் குறையில்லை. ஊர் அவரைக்குப் பகல் குறைஞ்சாத்தான் பூக்கத் தெரியும். யாழ்ப்பாணத்தில எந்த மாதமெண்டாலும் பகல் 13 மணித்தியாலம் வராது. இஞ்ச ஜூனில 15க்கும் மேல. அது காலம் வரேல்லை எண்டு நினைச்சு இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிக்கும். செப்ரெம்பர் நடுவில பகல் குறைய மொட்டு வைக்கும், ஒக்ரோபர் உறைபனி வந்து எல்லாத்தையும் கருக்கிப்போடும். சிறகவரையும் இப்பிடித்தான். பகல் நீளத்தைப் பாராத அவரை இனம் கேட்டு வாங்கிப் போடுங்கோ, அல்லது அந்த வேலியைப் பயித்தைக்குக் குடுங்கோ. பயித்தை ஜூன் முதல் கிழமை நேரா மண்ணில போட்டா ஓகஸ்ற் தொடங்கக் காய்க்கும்.


புதுவளவு
ஏப்ரல் 19

எல்லாருக்கும் கன நன்றி. றோட்டோடில்லரை மறிச்சிட்டன். நேற்று வயர் அடையாளம் போட வந்தவை. நான் முதலில குழி கிண்ட நினைச்ச இடத்துக்குச் சரியா மூண்டு அடி தள்ளி மஞ்சள் கோடு, காஸ் லைன்.

குழி கிண்டேக்க நாலு அங்குலம் கறுப்பு மண், அதுக்குக் கீழ சாம்பல் நிறக் களி, சவளில பளபளக்குது. தண்ணி ரெண்டாம் தரம் நிரப்பினது நேற்றுப் பின்னேரம் 4 மணி. இண்டைக்குக் காலமை 9க்கு அரைவாசித் தண்ணி அப்பிடியே நிக்குது. நேற்றுக் குழி கிண்டேக்கயே அம்மாட்டை ஒரு பிடி குடுத்தன். உருட்டினா, விரலால அமத்தினா, மணந்தும் பாத்தா. "உது சட்டி பானை செய்யிற மண் எல்லோ" எண்டு சொல்லிப்போட்டு, கை கழுவாமல் அப்பிடியே கொஞ்ச நேரம் குந்தி இருந்தா. ஆனா குழை தாழ்க்கிற கதையை வாசிச்சுக் காட்டினதும் எழும்பிட்டா. அப்பாவும் அவவும் கோண்டாவிலில தாழ்த்த பூவரசங்குழையைப் பற்றி நேற்று ராத்திரி 11 மணி மட்டும் கதைச்சா. அப்பா போன பிறகு அவ அவ்வளவு கதைச்சு நான் கேக்கேல்லை.

ட்ரிப்பிள் மிக்ஸ் 2 கன யார் சொல்லியிருக்கிறன், ரெண்டு பாத்தி. பாகலுக்குப் பந்தல் எந்தப் பக்கம் போடுறது?


செம்மண்காரி
ஏப்ரல் 19

வடக்குப் பக்கம். சூரியன் இஞ்ச எப்பவும் தெற்கால சரிஞ்சுதான் போகும், தெற்கில பந்தல் போட்டா மிச்சப் பயிர் முழுக்க நிழலில நிக்கும். பாத்தியின்ர வடக்கு விளிம்பில 6 அடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டுங்கோ, பாகல் தானாப் பிடிச்சு ஏறும்.

கத்தரி நட்ட அண்டைக்கே மெல்லிய பூச்சிவலை போட்டு விளிம்பை மண்ணால மூடுங்கோ. ஊசி குத்தின மாதிரி இலையில ஓட்டை ஓட்டையாப் போடுற ஒரு கறுப்புத் தத்துவண்டு ஜூன் மாதம் வரும், இளம் கண்டை ஒரு கிழமையில வலையாக்கிப் போடும். பூ வந்த உடன வலையை எடுத்துவிடலாம். மிளகாய், தக்காளித் தண்டைச் சுத்தி அடி வெட்டின கடதாசிக் கப் ஒண்டு அரைவாசி புதைச்சு விடுங்கோ, இரவில தண்டை அறுக்கிற புழுவுக்கு.

அம்மாவுக்குக் குந்தி இருக்கக் கஷ்டமெண்டா பாத்திப் பலகையின்ர மேல் விளிம்பில ஒரு 6 அங்குலப் பலகையைப் படுக்கையா ஆணி அடிச்சு விடுங்கோ. அதில இருந்துகொண்டே களை பிடுங்கலாம். எனக்கும் இப்ப அதுதான்.


புதுவளவு
மே 24

பலகையில இருந்துகொண்டுதான் அம்மா இதை எழுதச் சொல்லுறா.

முள்ளங்கி முதல் பிடி போன புதன் பிடுங்கினது. இலையையும் விடேல்லை, வறுத்தா. கொத்தமல்லி ஒரு சாண் உயரம். பாகல் 8 போட்டதில 7 முளைச்சு, கப்பில மூண்டாம் இலை விட்டிருக்கு. கத்தரியும் மிளகாயும் போன கிழமை வாங்கி, பந்தல் அண்ணா சொன்ன மாதிரி நிழலில இருந்து பழக்கிறம்.

லோங் வீக்கெண்ட் போன திங்கள் தெருவெல்லாம் நட்டவை. நான் கண்டுகளை எடுத்துக்கொண்டு இறங்க, அம்மா வெப்பமானியைக் கேட்டு வாங்கிக் குத்தினா. 14. திரும்பி உள்ள போயிட்டா. அண்டைக்குத் தொடங்கி ஒவ்வொரு நாளும் 7 மணிக்குச் சுவெற்றரும் போட்டுக்கொண்டு போய்ப் பாத்து, குளிர்சாதனப் பெட்டியில ஒட்டின கலண்டரில எழுதுறா. 14, 14, 15, 16, 16. இண்டைக்கு 17. இரவுக் குளிர் வியாழன் வரைக்கும் 11க்குக் கீழ போகாதெண்டு வானிலை அறிக்கை சொல்லுது. 17க்குக் கத்தரி நடலாமோ, செம்மண்காரியிட்டைக் கேள் எண்டு அம்மா நிக்கிறா.


செம்மண்காரி
மே 24

அம்மாட்டைச் சொல்லுங்கோ, தக்காளி இருந்தா இண்டைக்கே நடலாம். கத்தரிக்கு இன்னும் ரெண்டு மூண்டு காலமை பொறுக்கட்டும். வெண்டி விதையை இப்பவே ஊறப் போடவேண்டாம்.